ஒரு வகுப்பு ஓவியமானது

தையல்கடைக்காரர் கொண்டுவந்த படங்களில் யாருக்கும் தலை இல்லை. எல்லாம் கம்பியில் நிறுத்திய துணிப் பொம்மைகள். தான் தைத்த உடுப்புகளை அவற்றுக்கு மாட்டி, தன் செல்போனிலேயே படம் எடுத்திருந்தார். புதிதாகத் திறக்கப்போகும் கடையின் சுவரில் அவற்றைப் பெரிதாக மாட்ட வேண்டுமாம்.

“போட்டோ மாதிரி இருக்கக் கூடாதும்மா. கையால வரைஞ்ச மாதிரி இருக்கணும். உள்ள வர்றவங்க இது தையக்கடையா அரண்மனையான்னு ஒரு நிமிஷம் முழிக்கணும்” என்றார்.

“முழிக்கிறது இருக்கட்டும் அண்ணே, பொம்மைக்கு ஒரு தலையாவது வெச்சிருக்கலாம்ல?” என்றாள் கல்லாவில் இருந்த சித்தி.

“தலை வெச்சா மூஞ்சியைப் பாப்பாங்க. அப்புறம் என் தையலை யார் பாப்பா?”

சித்தி சிரித்துவிட்டாள். செல்போனை வாங்கி, தடுப்புக்குப் பின்னால் இருந்த என்னிடம் நீட்டினாள்.

ஸ்டூடியோ சித்தப்பாவுடையது. அவர் என் அப்பாவின் தம்பி. வெளியே போய்ப் படம் எடுப்பது அவர் வேலை. கல்லா, லேமினேஷன், வாடிக்கையாளர்களோடு வாயாடுவது எல்லாம் சித்தி. தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன்னால் நான். யாரிடமும் பேசத் தேவையில்லாத இடம் என்பதால் அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்து, பல வாரம் படுத்துவிட்டேன். எழுந்த பிறகு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் கழித்துப் போகலாம் என்று தோன்றியது. அடுத்த நாள், நேற்றே போயிருக்கலாமே என்று கூச்சமாக இருந்தது. அதற்கடுத்த வாரம், இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்பார்களே என்று பயமாக இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். என்ன ஆயிற்று என்று கேட்பவர்களிடம் சொல்ல ஒரு நல்ல காரணமாவது இருந்திருந்தால் போயிருப்பேன். அப்பா திட்டிப் பார்த்தார், அம்மா கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் சித்தப்பாதான், “வீட்ல சுவரைப் பாக்கறதுக்கு என் கடையில வந்து கம்ப்யூட்டரைப் பாக்கட்டும்” என்று கூட்டிவந்தார்.

புகைப்படத்தை ஓவியமாக்குவது ஒரு பொத்தானை அமுக்கினால் முடிந்துவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பொத்தான் இருக்கிறது, உண்மைதான். அதை மட்டும் அமுக்கினால் மழையில் நனைந்து ஊறிய படம் மாதிரி வரும். முதலில் படத்துக்கு ஒரு நகல் எடுத்து, அதை அசல் படத்தின் மேல் ஒரு அடுக்காக வைக்க வேண்டும். வேலையெல்லாம் மேல் அடுக்கில்தான். தோலின் துவாரம், துணியின் இழை, காற்றில் பறக்கும் ஒற்றை முடி எல்லாவற்றையும் மழுங்கடிக்க வேண்டும். தூரிகை பிடிக்கிற எவரும் ஒற்றை முடியை வரைந்துகொண்டிருக்க மாட்டார். பிறகு நிழலில் கொஞ்சம் நீலம், வெளிச்சத்தில் கொஞ்சம் மஞ்சள். அதன் பிறகுதான் எண்ணெய் வண்ண ஃபில்டர். பின்னணிக்குப் பெரிய பிரஷ், முகத்துக்குச் சின்ன பிரஷ். ஓரங்களை இருட்டாக்கி, எல்லாவற்றுக்கும் மேல் சாக்குத் துணியின் நெசவு போல ஒரு சொரசொரப்பு.

முகம் உள்ள படமென்றால் கடைசியாக ஒரு வேலை உண்டு. ஃபில்டர் கண்ணைக் குழப்பிவிடும். கருவிழியையும் இமையையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்துவிடும். அதனால் கண் இருக்கும் இடத்தில் மட்டும் மேல் அடுக்கைச் சின்ன அழிப்பானால் மெதுவாக அழித்து, அடியில் இருக்கிற அசல் கண் தெரியும்படி விட வேண்டும். அப்போதுதான் படத்தில் இருப்பவர் நம்மைப் பார்ப்பார். இல்லாவிட்டால் நாம்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பொம்மைகளுக்குத் தலையே இல்லாததால் கண் வேலை மிச்சம். முதல் படத்தைச் செய்து சித்தியிடம் காட்டினேன்.

“அடேயப்பா! பட்டுத்துணி மாதிரியே இருக்கேடி. இது அந்தச் சாதாரண நீலச் சட்டைதானா?”

தலையை ஆட்டினேன். இன்னும் நிறையப் படங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே வேலைதான். அதற்கும் அந்த மென்பொருளில் வழி இருக்கிறது. நாம் செய்கிற ஒவ்வொன்றையும் ஒருமுறை கவனித்து மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால், அதற்குள் இருக்கும் எல்லாப் படங்களுக்கும் தானே அதைச் செய்து, சேமித்து, மூடிவிட்டு அடுத்ததற்குப் போகும். தையல்கடைக்காரரின் படங்களைத் தனி ஃபோல்டரில் நகலெடுத்து வைத்திருந்ததால், அதே பெயரில் அதே இடத்தில் சேமிக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் எல்லா ஃபோல்டருக்கும் ஒரே பெயர்தான். புதுசு. அது ஏற்கெனவே இருந்தால் புதுசு 2. அதுவும் இருந்தால் புதுப்புதுசு. “பேரு வெக்கிற நேரத்துல இன்னும் நாலு படம் எடுத்துடுவேன்” என்பார். இன்னொரு பழக்கமும் உண்டு. மெமரி கார்டில் இருந்து படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும், கையோடு கார்டைத் துடைத்துவிடுவார். சோறு தின்ற தட்டை உடனே கழுவி வைப்பது மாதிரி. சித்தி வீட்டுத் தட்டில் அந்தச் சுறுசுறுப்பைக் காட்டச் சொல்லி அவரைக் கேலி செய்வாள்.

பொம்மைகளின் ஃபோல்டருக்கு நானும் புதுசு 2 என்றே பெயர் வைத்திருந்தேன். புதுசு ஃபோல்டரில் அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்தின் பத்தாம் வகுப்பு இருந்தது. பரீட்சைக்கான ஹால் டிக்கெட்டில் ஒட்ட எல்லாரையும் தனித்தனியாகச் சித்தப்பா எடுத்து வந்திருந்தார். பள்ளிக்கூடம் என்னுடையது. வகுப்பும் என்னுடையதுதான்.

“உன் செட்டுதானே இவங்கல்லாம்?” என்று கேட்டார் அவர். நான் கீபோர்டில் தூசி துடைத்தேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

வேலை இல்லாத நேரமெல்லாம் அந்த ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டேன். எல்லாரும் கொஞ்சம் வளர்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சுக்காரனுக்கு மீசை அரும்பியிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கொசு. ஆள் குள்ளம், ஆனால் காதுக்குப் பக்கத்திலேயே ரீங்காரம் போட்டுக்கொண்டிருப்பாள், அதனால் அந்தப் பெயர். அவள் எனக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தாள். வருகை எடுக்கும்போது என் குரல் அப்படித்தான் கேட்குமாம். திரையில் அவளை எவ்வளவு பெரிதாக்கினாலும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. திரையில் இருப்பவர்களிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

அன்றும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி கூப்பிட்டாள்.

“ஏய், லேமினேஷன் மிஷின் காகிதத்தைத் தின்னுடுச்சு. ஓடி வா!”

போகிற அவசரத்தில், திரும்பி வருவதற்குள் பொம்மைகள் முடிந்துவிடட்டும் என்று ஃபோல்டரைக் காட்டிப் பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்தேன். புதுசு என்று பார்த்தேன். எந்தப் புதுசு என்று பார்க்கவில்லை.

மெஷினிலிருந்து யாரோ ஒருவருடைய சான்றிதழைக் கிழியாமல் மீட்டுவிட்டுத் திரும்பியபோது, திரையில் ஒரு முகம் ஓவியமாகிக்கொண்டிருந்தது. மூடியது. அடுத்த முகம் வந்தது. நான் ஓடிப்போய் நிறுத்தியபோது கொசுவும் முடிந்திருந்தாள், கடைசி பெஞ்சுக்காரனும் முடிந்திருந்தான், வகுப்பே முடிந்திருந்தது.

பின்னோக்கிப் போகிற கட்டளையை அமுக்கிப் பார்த்தேன். மூடிய படத்தில் பின்னோக்கிப் போக ஒன்றும் இல்லை. குப்பைத் தொட்டியைத் திறந்தேன், அதில் எங்கள் பழைய கரண்டு பில்தான் கிடந்தது. கார்டு துடைத்தாகிவிட்டது, போதாததற்குச் சித்தப்பாவோடு வெளியூர் போய்விட்டது. ஒரு தொழிற்சாலையின் இயந்திரங்களைப் படம் எடுக்கப் போயிருந்தார்.

சித்தி வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தானே இருக்கு? என்ன, எல்லாரும் நின்னுக்கிட்டே தூங்கற மாதிரி...” பாதியில் நிறுத்தினாள். “இது பள்ளிக்கூடத்துப் படம் இல்ல?”

ஒவ்வொரு படமாகத் திறந்தேன். வரிசையாக முகங்கள். அழகான மூக்கு, அழகான நெற்றி. ஒருத்தருக்கும் கண் இல்லை. பொம்மைகளுக்குத் தேவைப்படாத வேலையை மென்பொருள் இவர்களுக்கும் செய்யவில்லை.

சித்தி சித்தப்பாவுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் பக்கம் ஏதோ இயந்திரம் தடதடத்தது.

“தப்பு என்மேல. ஒழுங்கா ஒரு பேரு வெச்சிருக்கணும்.”

“இல்ல சித்தப்பா, நான்தான் அதைத் திறந்து வெச்சிருந்தேன்” என்றேன்.

“சரி, யாரோ ஒருத்தர். நாளன்னிக்கு அவங்களுக்குப் படம் வேணும். இல்லன்னா ஹால் டிக்கெட் நின்னுபோகும். நான் வர முடியாது. பழைய கேமரா அலமாரியில இருக்கு. நீ நாளைக்குக் காலையிலயே போய் எடுத்துட்டு வந்துடு.”

“சித்தி போகட்டும்.”

“எனக்குக் கேமராவில எந்தப் பக்கம் கண்ணு வெக்கணும்னே தெரியாது” என்றாள் சித்தி. “நான் எடுத்தா அதுலயும் யாருக்கும் தலை இருக்காது. தையக்காரருக்குத்தான் குடுக்கணும்.”

சித்தப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பள்ளிக்கூட வாசலைத் தாண்டக் கூடாதென்று மருந்துக்கடைக்குக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறவள் நான். எங்கே போனாய், ஏன் வரவில்லை என்று ஒரு வகுப்பே கேட்டால் நான் என்ன சொல்வேன்? அதற்காகப் படம் வேண்டாமென்று விட்டால் அவர்கள் பரீட்சை எழுதுவது எப்படி? அன்று ராத்திரி பின்னணிக்குக் கட்டுகிற நீலத் துணியைச் சுருக்கம் போக இஸ்திரி போட்டேன். போட்டதையே மறுபடியும் போட்டேன்.

மறுநாள் காலை, துணியும் கேமராவும் கவ்விகளும் உள்ள பையோடு போனேன். வாசல்காவலர் “ஸ்டூடியோவா?” என்று கேட்டு வழிவிட்டார். வகுப்பாசிரியை வராந்தாவில் எதிரே வந்தார். அவர் வருகைப் பதிவில் என் பெயரை எத்தனையோ முறை கூப்பிட்டிருப்பார். தலையைக் குனிந்துகொண்டேன்.

“போட்டோக்காரங்களா? சீக்கிரம் முடிச்சுக்குங்கம்மா. எனக்குப் பாடம் நிறைய பாக்கி இருக்கு” என்றார்.

அவ்வளவுதான். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ராத்திரி முழுக்க எந்தக் கேள்விக்குப் பயந்தேனோ அதை அவர் கேட்கவே இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சுவரில் துணியைக் கட்டும்போது கவ்வி கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது.

ஸ்டூலைப் போட்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி திருப்பி வைத்தேன். ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். “கொஞ்சம் நிமிர்ந்து”, “தாடையை இறக்கி”, இவ்வளவுதான் சொன்னேன், அதையும் கேமராவிடம் சொல்வதுபோலச் சொன்னேன். சிலருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. உட்காரும்போது ஒரு பார்வை, உடனே ஜன்னல் பக்கம் ஒரு பார்வை. கடைசி பெஞ்சுக்காரன் ஏதோ கேட்க வாயைத் திறந்து, காலரைச் சரிசெய்துகொண்டு மூடிக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூச்சம் எனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என்ன கேட்பதென்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அப்புறம் கொசு வந்து உட்கார்ந்தாள். அவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

“பூனை.”

நான் கேமராவுக்குப் பின்னாலேயே இருந்தேன்.

“ஏய் பூனை, உன்னத்தான். என் ஜியாமெட்ரி பாக்ஸ் எங்கடி?”

எல்லாக் கேள்விக்கும் பதில் தேடி வைத்திருந்தேன். இதற்கு மட்டும் இல்லை.

“எங்க... வீட்ல இருக்கு” என்றேன்.

“ஒரு வருஷமா அடுத்தவங்க காம்பஸ்ல வட்டம் போடறேன்டி! வட்டம்லாம் முட்டை மாதிரி வருது. மார்க் போனதுக்கு யார் பொறுப்பு?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். என் விரல் தானாகவே அமுங்கியிருந்தது. கண் இரண்டும் கோடாகி, வாய் காதுவரை போன ஒரு படம். ஹால் டிக்கெட்டுக்கு ஆகாத படம்.

“அங்க என்ன சத்தம்?” என்றார் ஆசிரியை.

“ஒழுங்கா உக்காரு” என்றேன் கொசுவிடம். என் குரல் எனக்கே கேட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒழுங்கான படம் ஒன்று எடுத்தேன்.

“ஆமா, போன தடவைதான் எடுத்தாங்களே, மறுபடி எதுக்கு?” என்று கடைசி பெஞ்சுக்காரனுக்கு இப்போது வாய் வந்தது.

“எல்லாரையும் தெரியாம பெயிண்டிங் ஆக்கிட்டேன்.”

“பெயிண்டிங்கா? நாங்க பாக்கணும்!”

“கண்ணு இல்ல.”

“எனக்கா?”

“யாருக்குமே இல்ல.”

அதற்கு அவர்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாப் படங்களையும் வெட்டி, வெளிச்சம் சரிசெய்து, பிரிண்ட் போட்டேன். ஃபோல்டருக்கு வகுப்பின் பெயரை வைத்தேன். பிறகு ஆகாத அந்தப் படத்தைத் திறந்தேன்.

நகல் எடுத்து மேலே வைத்தேன். கொசுவின் நெற்றியில் முடி எப்போதும் கலைந்தே இருக்கும், அதை ஒரே பெரிய இழுப்பாக்கினேன். நீலத் துணியைக் கொஞ்சம் கருக்கினேன். ஜன்னல் வெளிச்சம் விழுந்த கன்னத்தில் மஞ்சள். ஃபில்டர் ஓடியது. கண் இருந்த இடத்தில் இரண்டு பழுப்புத் தீற்றல்கள்தான் மிஞ்சின. அழிப்பானை எடுத்து, மிகச் சின்னதாக்கி, இமையின் கோட்டைத் தொடாமல் அழித்தேன். கோடாய்ச் சுருங்கிய இரண்டு கண்கள் அடியிலிருந்து மெல்ல மேலே வந்தன. அவை என்னைத்தான் பார்த்தன. திரையில் இருக்கிறவர் என்னைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

“இது யாருக்கு?” என்றாள் சித்தி, பிரிண்டரில் இருந்து வந்ததைப் பார்த்து.

“கொசுவுக்கு.”

“கொசுவுக்கு இவ்வளவு பெரிய படமா? ஒரு தபால்தலை சைஸ் போதாதா?”

வீட்டில் கட்டிலுக்கு அடியில் என் பள்ளிக்கூடப் பை அப்படியே இருந்தது. திறந்தபோது பழைய பென்சில் சீவல் வாடை வந்தது. அடியில் கொசுவின் பெட்டி. உள்ளே காம்பஸ், பாதி உடைந்த அளவுகோல், அவள் பல் பதிந்த ரப்பர். துடைத்து, படத்தோடு ஒரு உறையில் வைத்தேன்.

மறுநாள் சித்தப்பா ஊரிலிருந்து வந்து, ஹால் டிக்கெட் படங்களை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது உறையைப் பார்த்தார்.

“இதையும் சேத்துக் குடு, நானே குடுத்துடறேன். அங்கதானே போறேன்.”

உறையைக் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். சித்தி கல்லாவில் சில்லறையை அடுக்குவதை நிறுத்தியிருந்தாள்.

“இல்ல சித்தப்பா. நானே குடுத்துக்கறேன்.”

“அப்போ இதையும் நீயே கொண்டு போ” என்று தன் கையில் இருந்ததையும் கொடுத்துவிட்டு, அவர் சட்டென்று உள்ளே போய்க் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

மதிய இடைவேளைக்குத்தான் போனேன். சுற்றுவழி இல்லை, நேர்வழியாகவே. ஆசிரியையின் அறையில் படங்களைக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார், தலையாட்டினார், என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். அவர் கேட்பதற்குள், “நான் ஒன்பதாவதுல இங்கதான் மிஸ் படிச்சேன்” என்று நானே சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வந்தது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை.

கொசு வகுப்பில் தனியாக உட்கார்ந்து, யாருடைய காம்பஸிலோ முட்டை போட்டுக்கொண்டிருந்தாள். உறையை அவள் முன்னால் வைத்தேன். முதலில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

“ரப்பர் சின்னதாயிடுச்சே.”

“நீதான் தின்ன.”

பிறகு படத்தை எடுத்தாள். கையை நீட்டித் தூரத்தில் பிடித்தாள், பக்கத்தில் கொண்டுவந்தாள், விரலால் வண்ணத்தைத் தடவி ஒட்டுகிறதா என்று பார்த்தாள்.

“ஏன்டி வரல?” என்றாள், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“முதல்ல காய்ச்சல். அப்புறம் வெக்கமா இருந்துச்சு.”

“வெக்கத்துக்கு ஒரு வருஷமா? லீவ் லெட்டராவது குடுத்தியா?”

நான் சிரித்தேன். அவள் படத்தை என் பக்கம் திருப்பினாள்.

“அதெல்லாம் சரி, மூக்கை எதுக்கு இவ்வளவு பெருசா வரைஞ்சிருக்க?”

“மூக்கை நான் தொடவே இல்ல. அது உன்னோடதுதான்.”

“பூனைக்கு வாய பாரு!” என்று முறைத்துவிட்டு, அவள் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. நான் உட்கார்ந்தேன்.